பாலில்லாக் கள்ளி

கிள்ளினால் பால் வடிய வேண்டும். அதுதான் தமிழ் மக்கள் கண்ட கள்ளி. சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி என்று நம் முன்னோர் பெயரிட்டழைத்தவை வெண்பால் சொரிவன. இன்று ஈப்போவிலும் கோலா கங்சாரிலும் வீட்டு வாயில்களில் சிறு தொட்டிகளில் தூண்போல் நிமிர்ந்து நிற்கும் முட்செடிகளையும் நாம் கள்ளி என்றே சொல்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கீறினால் பால் வராது. வழவழப்பான நீரே கசியும். பெயர் ஒன்றாயினும் இனம் வேறு. இனம் வேறாதலின் வளர்ப்பும் வேறு. இதனை அறியாமல், வேலியோரம் தானே வளரும் நாட்டுக் கள்ளியைப்போல் இதனையும் முற்றத்து மழையில் விட்டு, சில திங்களில் அது அடியழுகிச் சாய்வதைக் கண்டு, 'நமக்குக் கைராசி இல்லை' என்று சொல்வோர் பலர். கைராசிக்கும் இதற்கும் தொடர்பு ஏதுமில்லை.

கோலா கங்சாரில் வாழ்வோர்க்கு இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹென்றி விக்கம் என்பவர் 1876ஆம் ஆண்டு பிரேசிலில் திரட்டிய ரப்பர் விதைகள் இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கோலா கங்சாரில், பேராக்கின் ஆங்கிலேய ரெசிடென்டின் இல்லத் தோட்டத்தில் இடம் பெற்றன. அப்பதவியில் இருந்த ஹியூ லோ அவற்றைப் பேணி வளர்த்தார். நிலஅலுவலகத்தின் அருகே வேலியிட்டுக் காக்கப்பட்டு வந்துள்ள முதிய மரம் அக்காலத்தை நினைவூட்டுவது. நம் தோட்டத் தொழிலாளர் அம்மரத்துக்கு இட்ட பெயர் பால்மரம். அந்தப் பால்மரமும் நம் சதுரக்கள்ளியும் தாவர நூலார் கணக்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆமணக்கும் மரவள்ளியும் அவற்றின் சுற்றத்தாரே. ஆகவே தமிழ்நாட்டுக் கள்ளிக்குப் பேராக்கில் உறவு தேடப் புகுந்தால், அது பூந்தொட்டியில் இல்லை. தோட்டப்புறத்தில் நிரை நிரையாக நிற்கிறது.

பாலில்லாத தூண்கள் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. இவற்றின் குடும்பத்தை ஆங்கிலத்தில் காக்டஸ் என்பர். தென் அமெரிக்காவிலிருந்து வட அமெரிக்கா வரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளாகப் பரந்துள்ள இக்குடும்பத்தில், மரக்கிளைகளில் தொங்கி வாழும் முள்ளற்ற சிறு வகை ஒன்றுதான் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே காணப்படுகிறது. மற்றவை யாவும் கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பின்னரே பழைய உலகத்தைப் பார்த்தன. சென்னையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர், செஞ்சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகச் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்தது வரலாறு. வந்தேறிய அச்செடியைக் கண்ட மக்கள், முள்ளையும் சதையையும் பார்த்துக் கள்ளி என்று சொல்லிவிட்டனர். குற்றமில்லை, புதிய பொருளுக்குப் பழைய பெயரைப் போர்த்துவது எல்லா மொழிக்கும் இயல்பு.

ஆனால் ஆசிரியர்கள் ஓரிடத்தில் விழிப்பாக இருத்தல் நலம். குறுந்தொகை காட்டும் பாலைவழியிலும் புறநானூறு காட்டும் சுடுகாட்டிலும் நிற்பது பால் வடியும் கள்ளியே. பாலைத்திணைக்குப் படம் வரையும் மாணவர்களோ, மணல்மேட்டின் நடுவில் இரு கைகளை மேலே தூக்கி நிற்கும் அமெரிக்கத் தூணை வரைந்து விடுகிறார்கள். திரைப்படமும் கேலிச்சித்திரமும் அவர்களுக்குத் தந்த படம் அது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்த நிலமே பாலை என்பதைச் சிலப்பதிகாரத்தைக் கொண்டு விளக்கும்போதே, இக்கள்ளியையும் திருத்தி வரையச் சொல்லலாம்.

இரண்டையும் கண்ணால் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கத் தூணின் விளிம்புகளைக் கூர்ந்து நோக்கினால் முட்கள் தோலிலிருந்து நேராகக் கிளம்புவதில்லை. பஞ்சுபோன்ற சிறு மெத்தை ஒன்றிலிருந்து கொத்தாகப் புறப்படுகின்றன. இம்மெத்தை இக்குடும்பத்துக்கே உரிய முத்திரை. பால் கள்ளியில் அம்மெத்தை இராது. முட்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, மாட்டுக்கொம்புபோல் விரிந்திருக்கும். கடையில் இரண்டும் ஒரே பலகையில், ஒரே பெயரில் விற்கப்படுவதால் இதனை அறிந்திருப்பது வெறும் புலமைக்காக அன்று. பால் கள்ளியின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே தீங்கு நேரக்கூடும். எது என்று தெரியாத செடியைக் கீறிப் பார்க்க வேண்டா. பட்டுவிட்டால் நிறைய நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பிள்ளைகள் ஓடியாடும் பள்ளித் தாழ்வாரத்தில் பால் கள்ளியை வைக்காமல் இருப்பதே மேல்.

இனி வளர்ப்புக்கு வருவோம். பேராக்கில் உள்ளவர்கள் தூண் கள்ளிக் கன்றைப் பெரும்பாலும் கேமரன் மலைக்குச் சென்று திரும்பும்போது வாங்கி வருகிறார்கள். பிரிஞ்சாங் பக்கத்தில் இதற்கென்றே பண்ணைகள் உண்டு. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 5000 அடி உயரத்தில், இரவுக் குளிரில், மழை படாத பிளாஸ்டிக் கூரையின்கீழ் அக்கன்று வளர்ந்திருக்கிறது. வாங்குவோர் கூரையைக் கவனிப்பதில்லை. மலையிலும் மழை கொட்டத்தானே செய்கிறது, அங்கே வளர்ந்தது இங்கே வளராதா என்று எண்ணி முற்றத்தில் வைத்து விடுகிறார்கள். சகுவாரோ என்னும் பெருந்தூண் வளரும் அரிசோனாவின் டூசான் நகரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை 12 அங்குலம் அளவே. கோலா கங்சாருக்கு அண்டையிலுள்ள தைப்பிங்கிலோ ஆண்டு மழை 100 அங்குலத்தைத் தாண்டும். பேராக்கில் இச்செடி நீர் இல்லாமல் சாவது மிக அரிது. நீர் மிகுந்து சாவதே வழக்கம். வேர் நனைவதால் அன்று, நனைந்தது உலரக் காலம் கிடைக்காமையால் சாகிறது.

மழையைப் போலவே வெயிலைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பாலைவனச் செடிதானே, எரிக்கும் வெயிலில் வைத்தால் மகிழும் என்று நினைப்பார்கள். முதிர்ந்த தூணுக்கு அது பொருந்தும், கன்றுக்குப் பொருந்தாது. சகுவாரோவின் பிள்ளைப்பருவத்தைப் பாருங்கள். ஒரு மரம் தன் வாழ்நாளில் இலட்சக்கணக்கான விதைகளைச் சிந்தியும், திறந்த மணலில் விழுந்தவை வெயிலிலும் பனியிலும் மாண்டு போகின்றன. வேறொரு மரத்தின் அல்லது புதரின் நிழலில் விழுந்து முளைத்தவையே பெரும்பாலும் பிழைக்கின்றன. அந்த மரம் நண்பகல் வெயிலைத் தடுக்கிறது. குளிர்கால இரவில் கடுங்குளிரைத் தணிக்கிறது. மேயும் விலங்கின் கண்ணிலிருந்து மறைக்கிறது. தாவர நூலார் அதற்கு இட்டுள்ள பெயர் செவிலி மரம். அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தெடுப்பவள் யார் என்பது நம் வாசகர்க்குத் தெரியும். இப்பெயரின் பொருத்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அச்செவிலியின் மடியில் எட்டு ஆண்டுகள் வளர்ந்தும் கன்றின் உயரம் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாது. முதல் பூப் பூக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாகும். பக்கக்கை முளைக்க ஐம்பது முதல் எழுபது ஆண்டுகள். பின்னர் அது 40 அடி உயர்ந்து, நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் வாழ்கிறது.

வீட்டில் தூண் கன்று வளர்ப்பவர் அதற்குச் செவிலியாகிறார். நம் ஊரில் அச்செவிலி இரண்டைத் தடுத்தால் போதும்: மேலிருந்து விழும் மழை, உச்சிவெயில்.

எல்லாத் தூண்களும் பேராக்கின் வெக்கைக்கு ஒத்துக்கொள்வன அல்ல. இச்செடிகளின் மூச்சு நம் செடிகளின் மூச்சினின்றும் மாறுபட்டது. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை வாங்குகின்றன. பாலைவனத்தில் பகலில் துளையைத் திறந்தால் உள்ளிருக்கும் நீரெல்லாம் ஆவியாகிவிடும். ஆதலின் இவை இரவில் திறந்து, வாங்கிய வாயுவைப் புளிப்பாக மாற்றிச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அப்புளிப்பைச் செலவிட்டு உணவாக்குகின்றன. இந்தப் புளிப்பைக் கண்டு எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் தமிழகத்துக்கு அந்நியர் அல்லர். தரங்கம்பாடிக்கு வந்து, பின்பு ஆங்கிலக் கும்பினியாரிடம் தாவர நூலாராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்னும் செருமானியர், ரணகள்ளியின் இலை காலையில் மிகப் புளித்தும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றே கசந்தும் இருப்பதை நாவால் கண்டு, 1813ஆம் ஆண்டு இலண்டனுக்குக் கடிதம் எழுதினார். (ரணகள்ளி பால் கள்ளியும் அன்று, காக்டஸும் அன்று. கள்ளி என்னும் பெயர் எத்தனை வீடுகளில் தங்கியிருக்கிறது பாருங்கள்!)

இரவில் மூச்சு விடும் செடிக்கு இரவுக்குளிர் இனிது. கேமரனில் செழித்தது சமவெளியில் மந்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே தேர்ந்து வாங்க வேண்டும். மெக்சிகோ மலைச்சரிவுகளுக்குரிய, நரைமுடி போர்த்த 'கிழவர் கள்ளி' பார்க்க அழகுடையது. ஆனால் ஈரக்காற்றில் அதன் முடி அழுக்கேறி, உள்ளே அழுகல் ஒளிந்துகொள்ளும். சகுவாரோவை இங்கே வளர்ப்பது பொறுமைக்குச் சோதனை. பிரேசிலின் வறண்ட வடகிழக்கிலிருந்து வந்த நீலநிறத் தூணான பைலோசெரியஸும், தென் அமெரிக்கச் செரியஸும் வெப்ப இரவுகளைத் தாங்குவன. செரியஸ் என்ற இலத்தீன் சொல் மெழுகுவத்தியைக் குறிப்பது. செடியைப் பார்த்தவர்கள் பெயரின் பொருத்தத்தை ஒப்புவர். முதன்முதலாக வளர்ப்பவர் இவ்விரண்டில் ஒன்றைக் கொள்க. வாங்கும்போது அடிப்பகுதியைக் குச்சியால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். பழுப்பாயினும் கட்டையாக இருந்தால் அது முதிர்ச்சி. மெத்தென்று அமுங்கினால் அழுகல்.

தொட்டிக்கு நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. பேராக் ஆற்றின் அக்கரையிலுள்ள சாயோங்கில் செய்யப்படும் சுரைக்காய் வடிவக் கருங்குடத்தை, லாபு சாயோங்கை, அறியாதவர் யார்? சுட்ட குடத்தை உமியில் இட்டுக் கருமை ஏற்றுவார்கள். அதில் ஊற்றிய நீர் குளிர்ந்திருப்பதற்குக் காரணம், மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளியே ஆவியாவதுதான். மெருகு பூசாத மண்தொட்டி கள்ளிக்குச் செய்யும் உதவியும் அதுவே: சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறுகிறது. பிளாஸ்டிக் தொட்டியிலும் பீங்கான் தொட்டியிலும் அவ்வழி அடைபட்டிருக்கும். தொட்டி வேர்க்கட்டியைவிட ஒரு விரலளவு அகன்றிருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நெடுநாள் ஈரமாய்க் கிடக்கும். ஆழமும் மிகுதியாக வேண்டா. பெருஞ்சகுவாரோவின் வேர்கள்கூடப் பெரும்பாலும் அரை அடி ஆழத்துக்குள்தான் பரவுகின்றன.

கடையிலிருந்து வரும் கன்று பெரும்பாலும் தென்னைநார்த் தூளில் நட்டிருக்கும். அத்தூள் ஈரத்தைக் கடற்பஞ்சுபோல் பிடித்துக்கொள்வது. மலையில் விற்பவருக்கு அது வசதி. நமக்கு அதுவே பகை. கன்றை எடுத்து, வேரைச் சுற்றியுள்ள தூளை மெல்ல உதிர்த்துவிட்டு, நான்கைந்து நாள் நிழலில் உலர விடுக. செடியைப் பிடிக்க, நாளேட்டின் ஒரு தாளை நீளவாக்கில் பலமுறை மடித்து, இடைவார்போல் சுற்றிப் பிடித்தால் கையும் தப்பும், முள்ளும் ஒடியாது. (படித்து முடித்த நாளேடாக இருக்கட்டும்.) பத்துப் பங்கு கலவையில் பருமணலும் கருங்கல் சில்லுமாக ஆறு பங்கு, உமிக்கரி இரண்டு பங்கு, நன்கு மட்கிச் சலித்த இலையுரம் இரண்டு பங்கு கொள்ளலாம். ஆற்றுமணலோ, ஈயச் சுரங்கப் பக்கங்களில் கிடக்கும் வெள்ளை மணலோ ஆகட்டும், சலித்து நுண்பொடியை நீக்கிக் கழுவிப் பயன்படுத்த வேண்டும். கடல்மணல் ஆகாது. ஈப்போ மலைகளின் சுண்ணாம்புக்கல் சில்லையும் தவிர்ப்பது நல்லது. நாம் சொன்ன வகைகள் சற்றே புளிப்பான மண்ணை விரும்புவன.

தொட்டியின் அடியில் சரளைக்கல்லை ஓர் அடுக்காகப் பரப்பினால் நீர் விரைவில் வடியும் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். இது பொருந்தாது. நுண்ணிய துளைகளில் நின்ற நீர், பெரிய இடைவெளிகளுள்ள கல்லடுக்குக்குள் எளிதில் இறங்குவதில்லை. அடுக்கின் மேலேயே தங்கிவிடும். கல்லடுக்கு ஈரத்தை வேருக்கு அருகே உயர்த்தி வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. துளையின்மேல் ஓர் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்து, அடிமுதல் மேல்வரை ஒரே கலவையை நிரப்புக. கன்று முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அவ்வளவு ஆழமே நட வேண்டும். சாயாமலிருக்க ஆழமாகப் புதைப்பது கழுத்தை நெரிப்பதற்கு ஒப்பாகும். மேலே கருங்கல் சில்லு அரை அங்குலம் பரப்பினால் கழுத்துப்பகுதி உலர்ந்திருக்கும். நட்டபின் ஒரு கிழமை நீர் ஊற்றாதீர்கள். பெயர்த்தபோது அறுந்த வேர்களின் புண் ஆற வேண்டும்.

வைக்கும் இடம், கிழக்கு நோக்கிய தாழ்வாரத்தின் விளிம்பு, அல்லது ஒளி புகும் கூரைத்தகட்டின் கீழ். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் படட்டும். வெயிலை ஒரேயடியாகக் கொடுக்காமல், மூன்று நான்கு கிழமைகளில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். திடீர் வெயிலில் தோல் வெளிறி, பின் பழுப்பாகும். அத்தழும்பு ஆயுள் முழுவதும் மாறாது. இருட்டறையும் ஆகாது. வீட்டுக்குள் அலங்காரமாய் வைத்த தூண், ஒளியைத் தேடி மெலிந்து வெளிறி நீளும். பின்பு வெளியே வைத்தால் மேற்பகுதி பருக்கும்; நடுவில் மெலிந்த இடம் அப்படியே இடுப்புபோல் நிற்கும். செடி உயர்ந்தபின் முறிவது அவ்விடத்தில்தான். கிழமைக்கு ஒருமுறை தொட்டியைச் சிறிது திருப்பி வைத்தால் தூண் ஒருபக்கம் சாயாது.

நீருக்கு நாள்கணக்கு கேட்பவர்கள் உண்டு. நாள்கணக்கு பேராக்கில் செல்லாது. சாத்தே சுடும் மூங்கில்குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகிச் சிறிது நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஈரமோ மணலோ ஒட்டியிருந்தால் ஊற்ற வேண்டா. முழுதும் உலர்ந்திருந்தால், மேலும் இரண்டு நாள் பொறுத்துக் காலையில் அடித்துளை வழியே வழியும்வரை நன்றாக ஊற்றுக. தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுக. நாள்தோறும் ஒரு கரண்டி நீர் தெளிப்பது மிகக் கெட்ட பழக்கம். அது வேரின் அடிக்குச் செல்லாது, கழுத்தை மட்டும் நனைத்து வைக்கும். வெயில் மிகுந்த பிப்ரவரியில் ஒரு கிழமைக்கு ஒருமுறை தேவைப்படலாம். அக்டோபர், நவம்பர் மழையில் மூன்று கிழமைகூட வேண்டாதிருக்கும். விலாக்கள் சற்றே ஒடுங்குவது தாகத்தின் அடையாளம். ஓர் ஊற்றலில் அது நிமிரும். அழுகலோ திரும்புவதில்லை. ஐயம் எழுந்தால் ஊற்றாதிருப்பதே முறை.

இவ்விதிக்கு ஒரு விலக்கு, விதையிலிருந்து முளைத்த சிறு நாற்று. பட்டாணி அளவுள்ள அவ்வுருண்டையில் நீரைச் சேமிக்க இடமில்லை. முதல் ஆறு திங்கள் அதன் மண் முற்றிலும் உலரலாகாது. நிழலும் மிகுதியாக வேண்டும். செடிக்குச் சதை கூடக் கூட உலர்நாளையும் கூட்டிச் செல்லலாம். உரம் எதற்கும் அளவோடுதான்: கடை உரத்தைக் குறிப்பிட்ட அளவில் பாதியாகக் கரைத்து, இரண்டு திங்களுக்கு ஒருமுறை போதும். கோழி எரு போன்ற காரசாரமான உரம் சதையை ஊதச் செய்து, அழுகலுக்கு விருந்து வைக்கும்.

மாவுப்பூச்சியைப் பஞ்சில் ஸ்பிரிட் தோய்த்துத் துடைத்தால் நீங்கும்; எறும்பு ஏறினால் அப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியழுகல் கண்டால் மருந்து தேடிப் பயனில்லை, கத்தியே மருந்து. கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, அழுகலுக்கு மேலே குறுக்காக அரிக. வெட்டிய முகத்தின் நடுவில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால், மீண்டும் கத்தியைத் துடைத்து இன்னும் மேலே அரிக. தூய பச்சையும் வெண்மையும் தெரிந்தபின் நிறுத்தி, அத்துண்டை நிழலில் இரண்டு கிழமை உலர விட்டு, புண் தோல்போல் மூடியதும் உலர்ந்த கலவையின்மேல் நிறுத்தி வைத்தால் வேர்விடும். தலை மட்டும் பிழைத்தாலும் செரியஸ் தூணாகிவிடும்.

செரியஸ் பல ஆண்டுகள் வளர்ந்து ஆள் உயரம் ஆனபின்பே பூக்கும். பூ வெண்மையானது, கைப்பிடியைவிடப் பெரியது. இரவில் விரிந்து, வெயில் ஏறும் முன் வாடும். அதன் தாய்நாட்டில் அந்துப்பூச்சியும் வௌவாலும் மகரந்தம் சுமக்கின்றன. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடியாதலின், ஒரே தாய்த்துண்டிலிருந்து வெட்டி வளர்த்த இரு தூண்கள் அருகருகே பூத்தாலும் காய் பிடிக்காது. பழம் வேண்டுவோர் வெவ்வேறு விதைகளிலிருந்து வந்த இரண்டு கன்றுகளைத் தொடக்கத்திலேயே வாங்கி வைக்க வேண்டும்.